ஆடாமல் வந்த மாமன்

இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனிதகுலம் கண்ட நான்காவது மாபெரும் பாய்ச்சல் நமது மாநிலத்திலேயே, அதுவும் நடப்பு நிதியாண்டுக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்துவிட்டது. 'நிதானம்' மாத்திரைத் திட்டம் மூன்றாண்டுகளை நிறைவு செய்கிறது. பதினெட்டு வயதைக் கடந்த ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் இன்று குடியை நினைத்தும் பார்ப்பதில்லை. இந்த வரலாற்றுத் திருப்பத்தைக் கொண்டாடும் வெற்றி விழாவில் பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு மகிழுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, தெளிவு மற்றும் நல்வாழ்வுத் துறை, 2043.

பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டார்கள். மகிழ்வதில்தான் சிறு சிக்கல் ஏற்பட்டது.

விழா மேடையில் இருநூறு பேர் கொண்ட உறுமி மேளம் எழுபது நிமிடம் முழங்கியது. எதிரே பன்னிரண்டாயிரம் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முழங்கால் அசையவில்லை. ஒரு தலை ஆடவில்லை. ஒரு விசில் கிடையாது. இதைப் பார்த்து அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன கட்டுப்பாடு! என்ன கண்ணியம்! இந்தக் கூட்டத்தை உலகமே வந்து பார்த்துப் படிக்க வேண்டும்!" என்றார். அதற்கும் கைதட்டினார்கள், மூன்று முறை, ஒரே அளவாக.

மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம், பெண்கள் பகுதியில் இருந்த பவுன்தாய்க்கு மட்டும் வலது கால் நிற்கவில்லை. அவள் சொல்லாமலே அது தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டுமென்ன, வரிசை முழுக்கச் சேலைக் கரைகள் ஆடின. நிதானம் ஆண்களுக்கு மட்டுமான மாத்திரை. பெண்கள் குடிப்பதில்லை என்று சட்டசபை ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. பவுன்தாய் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டித் தன் வீட்டுக்காரனைத் தேடினாள். அரசு பஸ் டிரைவர் காசிமாயன் எட்டாவது வரிசையில், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போல இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான்.

அதற்காக அவள் நிதானத்தைப் பழிக்கிறவள் அல்ல. அவளுடைய இடது மணிக்கட்டு எலும்பு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது. அது எப்படி உடைந்தது என்பது தெருவுக்கே தெரியும். சம்பள நாளில் அவனை வாய்க்காலிலிருந்து எத்தனை முறை தூக்கி வந்திருக்கிறாள் என்பதும் தெரியும். பிறகு டிரைவர்களுக்கெல்லாம் மாத்திரை கட்டாயம் என்று உத்தரவு வந்தது. தினமும் டிப்போவில் நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். நர்ஸ் டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பஸ் சாவி. மூன்றே மாதத்தில் காசிமாயன் மனிதனாகிவிட்டான். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தான். தக்காளி வாங்கிவந்தான், அதுவும் அழுகாத தக்காளி. ஒருநாள் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான். பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் கேள்வி அப்போதுதான் முதல்முறையாக எழுந்தது. 

வினை வந்தது வேறு வழியில்.

அந்தப் பக்கத்துச் சனங்களுக்குத் தாய்மாமன் என்றால் பாதி சாமி. சகோதரி வீட்டு விசேஷத்துக்கு அவன் சீர் கொண்டுவர வேண்டும். தட்டுத் தட்டாகப் பழமும் பட்டும் பெண்கள் தலையில் வரும். அதற்கு முன்னால் உறுமி மேளம். மேளத்துக்கு முன்னால் மாமன், துண்டைத் தலையில் கட்டி ஆடிக்கொண்டே வர வேண்டும். எந்தப் பத்திரிகையிலும் இதை அச்சடிப்பதில்லை, ஆனால் அரசியல் சட்டத்தைவிட இறுக்கமாகக் கடைப்பிடிக்கிறார்கள். மாமன் ஆடி வந்தால் மனம் நிறைந்து வருகிறான். நடந்து வந்தால் அவனுக்கு ஏதோ மனக்குறை, சகோதரியோடு பகை. மண்டப வாசலில் நிற்கிற சம்பந்திமார் முதலில் பார்ப்பது தட்டை அல்ல, மாமன் காலை.

காசிமாயன் ஆட்டக்காரன். பக்கத்து ஊர் மாமன்மார் முழங்கால் வலிக்கும்போது அவனை இரவல் வாங்கிப்போவார்கள். அப்பேர்ப்பட்டவன் போன வருடம் அக்கா மகளான மூத்த மருமகள் கல்யாணத்துக்கு, ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போகிறவனைப் போல நடந்து வந்தான். மேளம் அடித்த அடியில் ரோட்டு நாய்கூட ஓடியது. இவன் ஓரமாக, போக்குவரத்து விதிப்படி இடதுபுறமாக வந்தான்.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற அக்கா ஒச்சம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. தம்பியைப் பந்திக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"என்னடா கொறை ஒனக்கு?"

"ஒரு கொறையும் இல்லக்கா."

"பெறகு எதுக்குடா பொணத்துக்குப் பின்னாடி வாரவென் மாதிரி வந்த?"

"நடந்துதானக்கா வந்தேன். இம்புட்டுத் தூரம்தான?"

தூரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை. ஒச்சம்மாளின் சம்பந்தி வீடு, "கூடப் பெறந்தவனே மதிக்காத வீடு" என்று ஒரு வார்த்தை விட்டது. அன்றிலிருந்து பதினொரு மாதம் அக்கா தம்பியோடு பேசவில்லை.

மாநிலம் முழுக்க இதே கதைதான். மூன்று வருடங்களில் மாமன்மார் நடந்து வந்தார்கள், சகோதரிமார் அழுதார்கள், மச்சான்மார் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷன்களில் 'குடும்பத் தகராறு' என்று பதிந்தார்கள். ஒரு பேராசிரியர், உறவுமுறைகள் சிதைவதற்கு செல்போனே காரணம் என்று முந்நூறு பக்கம் எழுதி விருது வாங்கினார். ஒரு மாமனையும் யாரும் கேட்கவில்லை.

இப்போது இளைய மருமகள் கயல்விழிக்கு வைகாசியில் கல்யாணம். ஒச்சம்மாள் நேரில் வந்தாள். தம்பி வீட்டில் இருந்தும் பத்திரிகையைப் பவுன்தாய் கையில்தான் கொடுத்தாள்.

"பவுனு, ஆடி வந்தா வரச் சொல்லு. இல்லையா, தட்டை லாரியில ஏத்தி அனுப்பச் சொல்லு. தாய்மாமன் இல்லாத வீடுன்னு நாங்க தேத்திக்கிறோம்."

"மதினி, உக்காந்து ஒரு வாய் காப்பித்தண்ணி..."

"ஆடி வந்தான்னா, மண்டபத்துல குடிச்சுக்கிறேன்."

அவள் தெருமுனை திரும்பும்வரை காசிமாயன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒச்சம்மாளைவிட்டால் அவனுக்கு இரத்த உறவு என்று யாரும் இல்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. அதற்கெல்லாம் மாத்திரை தடை போடுவதில்லை.

பவுன்தாய் செல்போனை எடுத்து உறுமி மேளத்தைப் போட்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது. நல்லாத்தான் அடிக்கிறாய்ங்க."

"கால்ல ஒன்னும் தோணலையா?"

"செருப்பு கடிச்ச எடம் லேசா எரியுது."

"ஏங்க, வெளையாடாதீங்க. எந்த எடத்துல எட்டு வைக்கணும்னு தெரியுதா இல்லையா?"

"தெரியாம என்ன? இந்தா, இங்க வலது கால். இங்க திரும்பணும். இங்க ரெண்டு தாவு." சொன்னபடியே எழுந்து செய்து காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் கியர் மாற்றிக் காட்டுவதைப் போல இருந்தது. உட்கார்ந்தான். "எல்லாம் தெரியுது பவுனு. எதுக்கு ஆடணும்கிறதுதான் தெரிய மாட்டேங்குது."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் கால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பவுன்தாய் கவனித்தாள். விழாப் பந்தலில் பார்த்த பன்னிரண்டாயிரம் முழங்கால்கள் நினைவுக்கு வந்தன. குடிக்கிற காலத்தில் குடிக்காத நாளிலும் இவன் ஆடினான். மாறியது என்ன? ஒன்றே ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார்.

"வீட்டுக்காரர் குடிக்கிறாரா?"

"இல்லைங்க."

"அடிக்கிறாரா?"

"இப்ப இல்லைங்க."

"ஜீவனாம்சமா?"

"கூடத்தான் இருக்காரு. நல்லாத்தான் வச்சிருக்காரு."

"பெறகு என்னதாம்மா கொறை?"

"ஆட மாட்டேங்கிறாரு."

அவர் பேனாவை மூடினார். பிறகு தொழில் தர்மம் உறுத்தியிருக்க வேண்டும். திறந்து, 'மேற்படி மனுதாரரின் கணவர் ஆடுவதில்லை என்பதைத் தாழ்மையுடன்' என்று தொடங்கினார்.

மனு முதலில் கலை பண்பாட்டுப் பிரிவுக்குப் போனது. மேடையில் ஆடினால்தான் எங்களுடையது, ரோட்டில் ஆடினால் போக்குவரத்து என்றார்கள். போக்குவரத்துக்காரர்கள், ஆடினால்தானே எங்களுக்கு வேலை, ஆடாவிட்டால் நன்றி என்றார்கள். மதியம் மூன்று மணிக்கு அது தெளிவு மற்றும் நல்வாழ்வுத் துறையின் இணை இயக்குநர், டாக்டர் அறிவுடைநம்பியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் பதினோரு கேடயங்கள் இருந்தன. பன்னிரண்டாவதற்கு ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார்.

"அம்மா, நிதானத்துக்குப் பக்க விளைவுகள் பதினான்கு. வாய் உலர்தல், லேசான மலச்சிக்கல், இப்படி. பட்டியலில் ஆட்டம் இருக்கிறதா? இல்லை. பட்டியலில் இல்லாதது விளைய முடியாது."

"விளைஞ்சிருக்குங்களே ஐயா."

"அது உங்கள் அபிப்பிராயம். இது அறிவியல்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மனிதன் மேளச் சத்தம் கேட்டவுடன் தெருவில் குதிப்பது ஆரோக்கியமா? யோசியுங்கள். உங்கள் கணவர் முதிர்ச்சி அடைந்திருக்கிறார். வேண்டுமென்றால் துறை சார்பில் ஒரு நடனப் பயிற்றுநரை அனுப்புகிறேன். ஆறு வாரம், சான்றிதழ் உண்டு."

அந்த அறையின் மூலையில் கோப்புகளோடு நின்ற இளம் டாக்டர் மெஹ்ருன்னிசா கேட்டுக்கொண்டிருந்தாள். பவுன்தாய் படியிறங்கி சைக்கிள் ஸ்டாண்டுவரை போன பிறகு பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நில்லுங்க. வீட்டுக்காரர் என்ன வேலை?"

"பஸ் டிரைவரு."

"அப்ப ஈசியாப் புரியும். மூளைக்குள்ள டோபமைன்னு ஒன்னு ஊறும். 'இது வேணும், இன்னும் வேணும்'னு தள்ளிவிடுறது அதுதான். அதை ஒரு பஸ்ஸுன்னு வச்சுக்கங்க. அந்த பஸ் சாராயத்துக்கும் போகும், மேளத்துக்கும் போகும். ரெண்டு ஸ்டாப்பிங், ஒரே ரூட். நாங்க குடியை நிறுத்தணும்னு ரூட்டையே அடைச்சிட்டோம்."

"மேளத்துக்கும் குடிக்கும் என்னம்மா சம்பந்தம்? மேளம் காதுலதான கேக்குது?"

"காதுல கேக்குறது வேற, கால் கேக்குறது வேற. மேளம் அடிக்கிறப்ப, அடுத்த அடி எங்க விழும்னு மூளை முன்னாடியே எதிர்பார்த்துட்டு இருக்கும். அடிக்கிறவன் நல்ல ஆளா இருந்தா, அங்க குடுக்காம ஒரு மயிரிழை இழுத்தடிச்சு, ஏங்கவிட்டு, அப்புறம் குடுப்பான். அந்த நேரத்துலதான் டோபமைன் ஊறும். கால் தானா எந்திரிக்கும். மாத்திரை போட்டவருக்கு எதிர்பார்ப்பு இருக்கு, கணக்கு இருக்கு, பரிசு மட்டும் வராது. சும்மா எதுக்குக் காலைத் தூக்கணும்?"

"எதுக்கு ஆடணும்னு தெரியலைன்னுதான் அவரும் சொன்னாரு." பவுன்தாய் தன் காலைக் குனிந்து பார்த்தாள். "உங்க பெரிய டாக்டருக்கு இது தெரியாதா?"

"அவரும் தினம் போடுறாருக்கா. முன்னுதாரணமா இருக்கணும்ல? இப்ப அவருக்கு எதுல குறை இருக்குன்னே தெரியாது."

"நிறுத்தினா?"

மெஹ்ருன்னிசா சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான் சொன்னதா வெளிய வரக் கூடாது. மூணு நாள் விட்டா ரூட் திறந்துரும். ஆனா அக்கா, ஒரு ஸ்டாப்பிங்குக்கு மட்டும் திறக்க முடியாது. ரெண்டுக்கும்தான் திறக்கும்."

பவுன்தாய் வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாத பழக்கம் அது.

காசிமாயன் ஐந்து நாள் லீவு போட்டான். லீவு நாட்களுக்கென்று டிப்போவில் ஐந்து மாத்திரை அட்டையாகக் கொடுத்தார்கள். அதைப் பவுன்தாய் தன் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேணாம் பவுனு," என்றான் அவன். "ஆடாட்டி செத்தா போயிருவேன்? ஆனா பழையபடி ஆனேன்னா, நீ செத்துருவ."

"மதினி இனிமே வரமாட்டாக. அது பரவாயில்லையா?"

அவன் பையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "நான் எங்க போனாலும் கூட வா. விட்றாத," என்றான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டின் விளிம்பில் விரலால் தட்டினான். பவுன்தாய் சட்டியும் கரண்டியுமாக அப்படியே நின்றாள். குழம்பில் உப்பு இல்லை என்று கத்தினான். மூன்று வருடமாக உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி சாப்பிட்டவன் அவன். சாயங்காலம் அவள் தலை வாரும்போது பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, "ஏய், நீ எப்பிடிடீ இம்புட்டு அழகா ஆன?" என்றான். அவளுக்குச் சீப்பு கைதவறியது. மூன்றாம் நாள் வியர்த்து ஊற்றியது. நான்கு முறை தெருமுனைவரை போய்த் திரும்பினான். நான்கு முறையும் அவள் கூடப் போனாள்.

"கக்கூசுக்குமாடி வருவ?"

"வாசல்ல நிப்பேன். பாடிக்கிட்டே இருங்க."

பாடினான். சுதி இல்லை, ஆனால் உயிர் இருந்தது.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்குச் சீர் ஊர்வலம் பிள்ளையார் கோயிலடியில் அணிவகுத்தது. முப்பத்தொரு தட்டு. வீரணன் செட்டின் உறுமி மேளம். காசிமாயன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டவிழ்க்கக் காத்திருக்கிற காளை மாதிரி கால் மாற்றி நின்றான். பவுன்தாய் வாழைப்பழத் தட்டோடு முதல் வரிசையில். மண்டபம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. வாசலில் சம்பந்திமார் கூட்டம் இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

மேளம் தொடங்கியது. காசிமாயனின் வலது தோள் எழும்பியது. எழும்பியது அங்கேயே நின்றது. மெல்ல இறங்கியது. இன்னொரு முறை எழும்பப் பார்த்தது. இறங்கியே விட்டது.

"நிறுத்து, நிறுத்து!"

வீரணன் ஓடி வந்தார். "என்னண்ணே, தாளம் தப்பிருச்சா?"

"தப்பவே இல்லையே. அதாண்டா தப்பு. கடியாரத்தை முழுங்குன மாதிரி அடிக்கிற? ஒரு இழுப்பு இல்ல, ஒரு ஏமாத்து இல்ல. நீ இப்பிடி அடிக்கிற ஆளா?"

"மூணு வருசமா இப்பிடித்தான் அடிக்கிறோம். யாரும் ஒன்னும் சொல்லலையே?"

"சொல்ல யாரு இருக்கா?" காசிமாயன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான். "வீரணா, நீயும் மாத்திரை போடுறியா?"

"போடாம? போட்டாத்தான கலைஞர் அட்டை. செட்டே போடுது."

பவுன்தாய்க்குத் தலைத் தட்டு கனத்தது. மூன்று நாளாகக் கக்கூஸ் வாசலில் காவல் இருந்து ஆடுகிறவனை மாத்திரையிலிருந்து இறக்கினார்கள். அடிக்கிறவர்களும் அதே மாத்திரையில்தான் இருப்பார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மண்டப வாசலில் ஒரு வெள்ளை வேட்டி கையை நெற்றியில் வைத்து இந்தப் பக்கம் பார்த்தது. ஆரத்தித் தட்டு ஒன்று வாசலிலிருந்து உள்ளே போக ஆரம்பித்தது.

"இந்தாடி, பிடி." தட்டைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டுப் பவுன்தாய் மேளக்காரர்களுக்கு முன்னால் வந்து நின்றாள். கையைத் தட்டினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதைத் தட்டாமல் வைத்துக்கொண்டாள். அது விழ வேண்டிய இடம் தாண்டிப் போனது. பின்னாலிருந்த பெண்களின் குதிகால்களெல்லாம் எழும்பி நின்றன. அப்புறம் தட்டினாள். யாரோ ஒருத்தி குலவையிட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் வந்தார்கள், பத்துப் பேர் வந்தார்கள். மூன்று வருடமாகச் சேலைக் கரைக்குள் அடங்கிக் கிடந்தது கைக்கு வந்துவிட்டது.

"வீரண்ணே, எங்க கையைப் பாத்து அப்பிடியே அடிங்க. யோசிக்காதீங்க!"

யோசிக்காமல் அடிப்பதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை. பெண்களின் கை எங்கே இழுத்ததோ உறுமி அங்கே இழுத்தது, எங்கே ஏமாற்றியதோ பம்பை அங்கே ஏமாற்றியது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தேவையும் இல்லை.

காசிமாயன் ஆடினான்.

அதை வர்ணிக்க ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், தொப்பை விழுந்த ஓர் ஆள் தார் ரோட்டில் ஆடினான். ஆனால் எட்டு வைக்கும்போதெல்லாம் அடிக்கு முன்னால் ஒரு கணம் காற்றில் நின்றான், அந்த ஒரு கணத்துக்கு அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆண்கள் கைகட்டி, குழாய் பதிக்கக் குழி தோண்டுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வாசலுக்கு ஒச்சம்மாள் ஓடிவந்தாள். ஆரத்தித் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டுத் தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"பதினொரு மாசமா எங்கடா போயிருந்த?"

"மாத்திரைக்குள்ள இருந்தேன்க்கா," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளுக்கு விளங்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று மண்டபத்தில் அவள் தன் கையால் பவுன்தாய்க்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள்.

காப்பி குடித்து நிமிர்ந்தபோது காசிமாயனைக் காணவில்லை.

அந்தத் தாலுகாவில் மாத்திரை போடாத நூற்றுக்கு நாலு பேருக்காக ஒரே ஒரு மதுக்கடை விட்டுவைத்திருந்தார்கள். அதற்கு எதிரே இருந்த பஞ்சர் கடை நிழலில் அவன் நின்றிருந்தான். துண்டு இன்னும் தலையில் இருந்தது. பஞ்சர் கடைக்காரன், "அரை மணி நேரமா இப்பிடியே நிக்கிறாரும்மா, வண்டியும் இல்ல," என்றான்.

"உள்ள போகல பவுனு."

"தெரியுது."

"போயிருவேன்."

பவுன்தாய் தன் பதினெட்டு வயதில் ஒரு பொங்கலன்று இவன் ஆடியதைப் பார்த்துவிட்டுத்தான் இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். காலையில் வந்தது அவன்தான். இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாளைக்குக் காலையில் போட்டுக்கொள்ளட்டுமே என்று வாய்வரை வந்தது. வலது கை இடது மணிக்கட்டுக்குப் போயிருந்தது.

"அந்த டாக்டரம்மா சொன்னது சரிதான்," என்றான். "காலையில பஸ்ஸு அங்க எறக்கிவிட்டுச்சு. இப்ப இங்க வந்து நிக்கிது. எனக்கு ஒரு எடத்துல மட்டும் எறங்கத் தெரியல. குடு."

கையை நீட்டினான். அவள் சுருக்குப்பையை அவிழ்க்கக் கொஞ்ச நேரமானது. முடிச்சு அப்படி ஒன்றும் இறுக்கமாக இல்லை. மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு, டிப்போப் பழக்கத்தில் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். அவளும் குனிந்து பார்த்தாள்.

அடுத்த வாரம் மனுவுக்குப் பதில் வந்தது. மேற்படி நபர் பொதுச் சாலையில் ஆடிய காணொளி துறையின் பார்வைக்கு வந்துள்ளது என்றும், எனவே நிதானத்தால் ஆட்டம் பாதிக்கப்படுவதில்லை என்பது ஐயமற நிரூபணமாகிறது என்றும், மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்றும் டாக்டர் அறிவுடைநம்பி கையெழுத்திட்டிருந்தார். காணொளியில் காணப்படும் பெண்களின் கைதட்டல் குறித்துத் தனியே ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

காணொளியைத் துறை மட்டும் பார்க்கவில்லை. ஆனி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் பவுன்தாய் மதினி வீட்டுக்குப் போகக் காசிமாயனின் பஸ்ஸிலேயே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். கடைவீதி திரும்பியதும் எதிரே சீர் ஊர்வலம். பெண்கள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள், மேளம் அவர்கள் கையைப் பார்த்து அடித்தது. முன்னால் யாரோ ஒரு மாமன், மூன்று நாள் மாத்திரையை எங்கே ஒளித்தானோ, சட்டை நனைய ஆடிக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பவுன்தாயின் கால் தகரத் தரையில் தட்டியது.

"ஏங்க, அங்க பாருங்க. உங்களை மாதிரியே காத்துல நின்னு வைக்கிறான்ல?"

காசிமாயன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஏழு நிமிசம் லேட்டு," என்று ஹாரன் அடித்தான்.